எதிர்க்கரைக்கு அனுப்பிய வசவுகள்

வெர்பிச்சி ஊர்,
முட்டைக்கோஸ் வெட்டி முடித்த மறுநாள்.

என் கணவர் தெமியானுக்கு, ஃபெவ்ரோனியா தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் பசுவும் பூனையும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த உப்பு வணிகர் சொன்னார். அவர் பொய்யே சொல்லாதவர் அல்ல. ஆனாலும் நம்பிக்கொண்டேன்.

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகும் துணைப் பாதிரியார் லூகாவுக்கும் என் வணக்கம். உங்களுக்கு எழுத்து தெரியாததால் நான் எழுதுவதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் உங்கள் காதுக்கு வரும். அதை மனத்தில் வைத்து எழுதுவதால் பாதி விஷயத்தை எழுதவில்லை. மீதிப் பாதியை எழுத உரித்ததிலேயே வாசலில் நிற்கும் பிர்ச் மரம் இடுப்பு வரை பட்டை இழந்து நிற்கிறது.

தெஸ்னா ஆற்றின் இந்தக் கரையில் நம் கோமகன் ராதிமிரும், அந்தக் கரையில் அவருடைய பெரியப்பா மகன் போரிஸ்லாவும் ஐந்து வாரமாகப் படையோடு நிற்பதாக எழுதியிருந்தீர்கள். முதலில் ஆற்றைக் கடப்பவர் நனைந்த காலோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்பதால், இருவருமே பெருந்தன்மையோடு மற்றவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எதிரியைத் திட்டிக் கோபமூட்டி ஆற்றில் இறக்குவதற்காக, படையிலேயே பெரிய தொண்டை என்று உங்களைக் கரையில் நிறுத்தியிருக்கிறார்களாம். அந்தத் தொண்டையோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவள் என்ற முறையில், தேர்வு சரியானதுதான் என்று சான்று சொல்கிறேன்.

வசவு தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்ததுதான் கவலை. முதல் வாரம் அவர்களுடைய தாய்மார்கள், இரண்டாம் வாரம் குதிரைகள், மூன்றாம் வாரம் தாடிகள். நான்காம் வாரம் பழையதையே திரும்பச் சொன்னதில் எதிர்க்கரைக்காரர்களும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது நிச்சயம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு மர்ஃபா, கொல்லரின் மனைவி, என்னோடு உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே இந்தப் போர் எதற்காக என்று கேட்டாள். பாவம், வெர்பிச்சியிலேயே பிறந்து வெர்பிச்சியிலேயே இருப்பவள். ஒரு கோமகன் இறந்தால் அவருக்கு அடுத்த மூத்தவர் தம் ஊரை விட்டு அந்த ஊருக்கு ஏறுவார், அவர் விட்ட ஊருக்கு அவருக்கு இளையவர் ஏறுவார், இப்படிக் கடைசிக் கோமகன் வரை நடக்கும், ஒருவர் கண்ணை மூடினால் ஏழு ஊர் மூட்டை கட்டும் என்று விளக்கினேன். கோடையில், நம் ஊருக்கு அடுத்து மேலே இருக்கும் ஒல்ஷான்ஸ்க்கின் கோமகன் இறந்துவிட்டார். நம்மவர் வயதில் மூத்தவர். போரிஸ்லாவ் வயதில் இளையவர், ஆனால் மூத்த சகோதரரின் மகன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் பக்கம் மட்டும் இருந்திருந்தால் பேசியே தீர்த்திருக்கலாம்.

மர்ஃபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ உங்க கோமகன் ஜெயிச்சா நீ இங்கேருந்து போயிடுவியா?" என்றாள். ஆமாம் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தோத்துட்டா?" என்றாள். கோமகன் தோற்க வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளக் கூடாது என்று அவளைக் கண்டித்தேன். துணைப் பாதிரியார் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அன்று மாலை அவள் தேவாலயத்தில் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில்தான் முழந்தாளிட்டிருந்தேன்.

நமக்குத் திருமணமாகி இது ஐந்தாவது ஊர். நீங்கள் மண் பிசைந்து கட்டிய நான்கு அடுப்புகளில் இப்போது யார் யாரோ கஞ்சி காய்ச்சுகிறார்கள். லிபோவ்காவில் நாம் விட்டுவந்ததைப் பற்றிப் பேசக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதால் அதை எழுதவில்லை. இங்கே நான்கு வருடம் ஆகிறது. ஒரே நிலத்தில் நான்காவது முறையாக முட்டைக்கோஸ் எடுத்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொன்றும் துணைப் பாதிரியார் தலை அளவு. மரியாதைக்காகச் சொல்கிறேன். மூன்று பீப்பாய் நிறைய உப்பும் சோம்பும் போட்டு அழுத்தி வைத்தாகிவிட்டது. பீப்பாய்களை மர்ஃபாதான் நகர்த்தினாள். எனக்கு இப்போதெல்லாம் கனமானதைத் தூக்கப் பிடிப்பதில்லை.

வசவுக்கு வருகிறேன். நாம் லிபோவ்காவை விட்டு ஏறிவந்தபோது அங்கே ஏறிவந்தவர் இதே போரிஸ்லாவ்தான். ஆகவே அவருடைய ஆட்கள் இருப்பதெல்லாம் நம் ஆட்கள் விட்டுவந்த வீடுகள். அங்கிருந்தே தொடங்குங்கள். "நாங்க வேண்டாம்னு விட்ட அடுப்புல கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவனுங்களாடா எங்களோட சண்டைக்கு வர்றது" என்று கேட்கலாம். நாம் உட்கார்ந்து தேய்த்த பலகையில்தான் அவர்கள் தளபதி உட்காருகிறான் என்று சொல்லலாம். நம் கோமகன் கழித்துப்போட்ட முக்காலி இல்லாமல் அவர்கள் கோமகனால் குதிரை ஏற முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் பாதிரியார் மகள். இதைவிடக் கூரானவை என்னிடம் இல்லை. இவற்றைக் கேட்டு எவரும் உறைபனித் தண்ணீரில் குதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக வருந்துகிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

கால்களை உலர்வாக வைத்திருங்கள். ஆற்றைத் தள்ளி நின்றே கத்துங்கள். உங்கள் குரலுக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை.

என்றும் உங்கள்,
ஃபெவ்ரோனியா


தெஸ்னா கரை,
ஆற்றோரம் பனிக்கட்டி படர்ந்த மூன்றாம் நாள்.

வெர்பிச்சியில் இருக்கும் ஃபெவ்ரோனியாவுக்கு, தெமியான் சொல்லச் சொல்லத் துணைப் பாதிரியார் லூகா எழுதுவது. சொல்பவர் சற்று உரக்கச் சொல்வதால், கூடாரத்துக்கு வெளியே நிற்கும் முந்நூறு பேரும் உங்களை நலம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். என் தலையின் அளவைப் பற்றி எழுதியதை வாசிக்கும்போது அதே முந்நூறு பேரும் கேட்டார்கள்.

நான் சுகம், ஃபெவ்ரோனியா. கால் உலர்ந்துதான் இருக்கிறது. நீ எழுதி அனுப்பிய வசவை மறுநாள் காலையிலேயே எடுத்து வீசினேன். அந்த அடுப்பு வசவைத்தான் முதலில். எதிர்க்கரையில் சத்தமே இல்லை. இத்தனை வாரத்தில் இப்படி ஆனதே இல்லை. ஆழமாகத் தைத்துவிட்டது என்று தளபதி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். படைக்குக் கேடயத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவர்கள் பக்கம் என்னைப் போலவே ஒருவன் கத்துவான். ப்ரொகோப் என்று பெயர். நல்ல தொண்டை, இல்லை என்று சொல்ல மாட்டேன். செத்துப்போன என் அம்மாவைப் பற்றி இத்தனை வாரத்தில் அவன் சொல்லாதது எதுவும் பாக்கி இல்லை. அவன் கரைக்கு வந்து நின்று, "ஏம்ப்பா, கிணத்தை ஒட்டி, தேவாலயத்துக்குப் பின்னால இருக்கிற வீடா?" என்று கேட்டான்.

"ஆமாடா. அதுக்கென்ன இப்போ?"

"அந்த அடுப்பைக் கட்டினது யாருப்பா? நாலு வருஷமாப் புகையுது. எம் பொண்டாட்டி கண்ணைக் கசக்காத நாளே கிடையாது. உள்ள செத்த எலி எதையாவது வச்சுக் கட்டிட்டியா?"

ஃபெவ்ரோனியா, அம்மாவைச் சொன்னபோது பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது அந்தப் பக்கப் புகைத்துவாரத்தை மூடிவிட்டுக் காட்டுப் பக்கத்துத் துவாரத்தைத் திறக்க வேண்டும், அதுகூடத் தெரியாதா மடையா என்று கத்தினேன். இது வசவுதானா என்று தளபதி கேட்டார். கடைசிச் சொல் வசவுதான் என்றேன்.

ப்ரொகோப் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட, ரெண்டையும் சேர்த்துத் திறந்து வச்சிருந்தோமே" என்றான்.

அதற்கப்புறம் என்னால் எதையும் நிறுத்த முடியவில்லை. நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து, என் வீட்டில் இருப்பது யார், கிழக்குச் சுவர் இன்னும் ஒழுகுகிறதா, பேரிக்காய் காய்த்ததா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவன், நிலவறைக் கதவுக்குச் சாவி எங்கே வைத்தீர்கள், நாலு வருடமாக ஜன்னல் வழியாக இறங்குகிறோம் என்று கேட்டான். நம் வில்லாளி ஒருவன் லிபோவ்காவில் விட்டுவந்த நாயைப் பற்றிக் கேட்டு, அது உயிரோடு இருக்கிறது, கிழமாகிவிட்டது என்று தெரிந்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். தளபதி கொம்பை ஊதச் சொன்னார். ஊதினார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ப்ரொகோப் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கத்தவில்லை. அந்த இடத்தில் ஆறு குறுகல்தான், கத்தத் தேவையும் இல்லை. இத்தனை வாரமாகக் கத்தியதுதான் அதிகம்.

"தெமியான் அண்ணே, தேவாலய வேலியோரம் சின்னதா ஒரு மேடு இருக்கு. பக்கத்துல செம்பழக் கன்னு ஒண்ணு. அது உங்க வீட்டுதா?"

எங்களுதுதான் என்றேன்.

"அளவைப் பார்த்தாலே குழந்தைன்னு தெரிஞ்சுது. ஆடு மேயாம இருக்க உல்யானா, எம் பொண்டாட்டி, சுத்திக் குச்சி நட்டு வச்சிருக்கா. வருஷா வருஷம் இறந்தோர் நாளுக்குச் சிவப்பு முட்டை ஒண்ணு கொண்டுபோய் வைக்கிறா. பேர் தெரியாம வைக்கிறோமேன்னு சொல்லிட்டே இருப்பா. பேர் என்னண்ணே?"

சொன்னேன்.

இந்த இடத்தில் தெமியான் விறகு எடுத்துவர வெளியே போயிருப்பதால், லூகாவாகிய நான் என் பொறுப்பில் இரண்டு வரி சேர்க்கிறேன். அந்தப் பெயரை அவர் வழக்கமான குரலில் சொல்லவில்லை. ஆனாலும் இரு கரையிலும் கேட்டது. மறுநாள் காலை ஜெபத்தில் நான் அதைச் சேர்த்துக்கொண்டேன். எதிர்க்கரைப் பாதிரியாரும் சேர்த்துக்கொண்டதாகக் காற்று இந்தப் பக்கம் அடித்தபோது தெரிந்தது.

இனி மீண்டும் தெமியான் சொல்வது. அன்றிலிருந்து எனக்குத் தொண்டை சரியில்லை என்று தளபதியிடம் சொல்லிவிட்டேன். வேறு ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். சரக்கே இல்லாதவன். எதிர்க்கரையில் அவனுக்குச் சொற்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஒல்ஷான்ஸ்க் நமக்குத்தான் என்று கோமகன் உறுதியாக இருக்கிறார். எப்படி என்பது எனக்குத் தெரியாது. அப்படிக் கிடைத்தால் எனக்கென்று ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். இரண்டு அறை, தனி ஆவிக்குளியல் குடில், ஆற்றைப் பார்த்த வாசல். பதினோரு வருடமாக உன்னை மூட்டை கட்ட வைத்ததற்கு இதையாவது தர வேண்டும் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு தெமியான். எழுதியவர் லூகா, சாதாரண அளவுத் தலையை உடையவர்.


வெர்பிச்சி,
முதல் பனி விழுந்து கரையாமல் தங்கிய நாள்.

அன்புள்ள தெமியானுக்கு, ஃபெவ்ரோனியா வணங்கி எழுதுவது. துணைப் பாதிரியாருக்கும் வணக்கம். சென்ற முறை தலையைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு ஜாடி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நடுவில் ஒரு பத்தியை அதற்கும் மேல். உல்யானாவுக்குத் தனியாக ஒரு பட்டையில் எழுதி லிபோவ்கா போகும் தேன் வண்டியில் கொடுத்தனுப்பினேன். என்ன எழுதினேன் என்பது இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த செய்திதான், இருந்தாலும் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். கோமகன்கள் இருவரும் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்த மூன்று மாதமும் ஒல்ஷான்ஸ்க்கில் கோமகனே கிடையாது. சந்தை நடந்திருக்கிறது, பாலத்தைச் சீர் செய்திருக்கிறார்கள், திருட்டுகூடக் குறைவுதானாம். இது வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது என்று ஊர்ச்சபை மணியடித்துக் கூடி, சீக்கிரமாக யாராவது ஒருவரை அழைத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறது. போரிஸ்லாவின் படை நின்ற கரை ஒல்ஷான்ஸ்க்கின் கிராமங்களை ஒட்டியிருந்ததால், அவர்கள் தின்ற வாத்துகள் அதிகம். நம்மவர்கள் தின்றதும் வாத்துதான், ஆனால் அது வேறு யாருடையதோ. ஆகவே நம்மவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். போரிஸ்லாவும் மறுக்கவில்லை என்கிறார்கள். அவர் சண்டைக்கு ஆணையிட்டாலும் அவருடைய ஆட்கள் முதலில் நிலவறைச் சாவியைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். இருவரும் பனிக்கட்டியின் நடுவில் சந்தித்துச் சிலுவையை முத்தமிட்டார்களாம். ராதிமிர் ஒல்ஷான்ஸ்க்குக்கு, போரிஸ்லாவ் வெர்பிச்சிக்கு.

நம் ஊர்ப் பாதிரியார் இதை வரலாற்றில் எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாசித்துக் காட்டினார். கோமகன் ராதிமிர் பெரும் படையோடு ஆற்றங்கரையில் நின்றார், எதிரிகளின் உள்ளம் உருகியது, ஒல்ஷான்ஸ்க் தானே கதவைத் திறந்தது என்று இருக்கிறது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றார். உண்மைதான். அடுப்பைப் பற்றி ஒரு வரி சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். ஆட்டுத்தோலில் இடமில்லை என்றார்.

நேற்று கோமகனின் காரியஸ்தர் வீடு வீடாக வந்தார். சறுக்குவண்டி ஓடும் அளவுக்குப் பனி இறுகியதும் கிளம்ப வேண்டும், உங்களுக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன், இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குவளை புளித்த க்வாஸ் பானம் குடித்துவிட்டு, தனக்கும் இது ஒன்பதாவது ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், நான் என்ன சொல்கிறேன் என்று. இந்தக் கேள்வியைப் பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கேட்கிறீர்கள். ஆகவே பதிலையும் முதல் முறையாகச் சொல்கிறேன். எனக்கு ஆற்றைப் பார்த்த வாசல் வேண்டாம். இந்த வாசல் கொல்லர் பட்டறையைப் பார்த்திருக்கிறது, நாள் முழுக்க ஒரே சத்தம், எனக்குப் பழகிவிட்டது. அது நின்றால்தான் தூக்கம் கலைகிறது. இரண்டு அறை வேண்டாம். ஓர் அறையே சுத்தமாக வைத்துக்கொள்ளப் போதுமானதாக இருக்கிறது.

நீங்கள் அடிமை அல்ல, சுதந்திர வீரர். கோமகனுக்கு எதிராக வாளெடுக்க மாட்டேன் என்று சிலுவையை முத்தமிட்டுவிட்டு விடைபெற்று வர உங்களுக்கு உரிமை உண்டு என்பதை என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். துணைப் பாதிரியாருக்கும் தெரியும், கேட்டுப் பாருங்கள். கோமகன் வருத்தப்படுவார். ஆனால் ஒல்ஷான்ஸ்க்கில் அவருக்குப் பெரிய தொண்டை தேவைப்படாது. அங்கே சுவர்கள் கல்லாம், மெல்லப் பேசினாலே எதிரொலிக்குமாம். இங்கே நம் ஊர்ச்சபைக்கு ஒரு குரல் வேண்டியிருக்கிறது. சபை கூடும்போதும் சந்தை நாளிலும் தீப்பிடித்தாலும் ஊருக்கு அறிவிக்கும் வேலை. இருந்தவருக்குக் காசம் வந்துவிட்டது. உங்களைப் பற்றிக் கொல்லர் சபையில் எடுத்துச் சொன்னாராம். அதற்கு ஒருவர், "தெமியானையா? அவன் வீட்டுக்குள்ள பேசினாலே எங்களுக்கெல்லாம் கேட்குதே, தனியா வேலை எதுக்கு?" என்றாராம். சிரித்துவிட்டு எல்லோரும் கையைத் தூக்கியிருக்கிறார்கள்.

ப்ரொகோப்பும் உல்யானாவும் போரிஸ்லாவோடு இங்கே ஏறிவருவார்கள். வழக்கப்படி பார்த்தால் நம் வீடுதான் அவர்களுக்கு வரும். அதனால் கொல்லர் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் வீட்டை நான் போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன். புகையவில்லை. உல்யானாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். லிபோவ்காவுக்கு அடுத்து ஏறிவரும் பெண்ணிடம் ஆட்டு விஷயத்தையும் இறந்தோர் நாளையும் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன் என்று அவள் பதில் சொல்லியனுப்பியிருக்கிறாள். பெயரையும் சொல்லிவிடுவாளாம்.

கடைசியாக ஒன்று. துணைப் பாதிரியார் இந்தப் பத்தியைக் கொஞ்சம் மெல்ல வாசிப்பாராக. கொல்லர் எனக்கு ஓர் இரும்புக் கொக்கி அடித்துத் தந்திருக்கிறார். அதை அடுப்புக்குப் பக்கத்தில், சூடு எட்டும், புகை எட்டாத இடமாகப் பார்த்து உத்தரத்தில் அடிக்க வேண்டும். எட்டி அடிக்க ஏணியில் ஏற வேண்டும். நான் ஏறக் கூடாது என்று மர்ஃபா ஏணியையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தானே வந்து அடித்துத் தருவதாகக் கொல்லர் சொன்னார். வேண்டாம் என்றேன். அதை அடிக்க வேண்டியவர் நீங்கள். எதற்கு என்று எழுதவில்லை. சென்ற முறை நாம் எல்லோரிடமும் முன்னதாகவே சொல்லிவிட்டோம். தொங்கவிட வளையக்கூடிய இளம் கழியும் ஒன்று வேண்டும், அதை வரும் வழியில் வெட்டிக்கொண்டு வாருங்கள். வசந்தம் பிறப்பதற்குள் போதும், அவசரமில்லை. ஆனால் அவசரமாக வாருங்கள்.

ஆண்டவர் நம் கோமகன் ராதிமிருக்கு ஒல்ஷான்ஸ்க்கில் நீண்ட ஆயுள் தரட்டும். இங்கே வரப்போகும் போரிஸ்லாவுக்கும் தரட்டும். கீவில் இருக்கும் பெரிய கோமகனுக்கும், நடுவில் உள்ள ஊர்களில் இருக்கும் எல்லாக் கோமகன்களுக்கும் பல்லும் ஈரலும் நன்றாக இருக்கட்டும். ஒருவரும் பனியில் வெறுங்காலோடு நடக்காமல், ஒருவரும் அதிகமாக விலாங்கு மீன் சாப்பிடாமல், இருக்கிற இடத்திலேயே பல்லாண்டு இருக்கட்டும். நான் தினமும் மெழுகுவத்தி ஏற்றி அவர்கள் எல்லோருக்காகவும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். மர்ஃபாவும் வருகிறாள்.

கோமகனோடு ஒல்ஷான்ஸ்க் வாசல் வரை போய் மரியாதை செய்துவிட்டு, அங்கிருந்து திரும்பி வாருங்கள். கொக்கி அடுப்பு மேடையில் இருக்கிறது. ஏணியை மர்ஃபாவிடம் கேட்டால் உங்களுக்குக் கொடுப்பாள்.

வழியைப் பார்த்திருக்கும்,
ஃபெவ்ரோனியா